சாலைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்: அந்த 98 சதவீதத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சாலைகளைக் கட்டி, பராமரித்து, அவற்றின் முப்பரிமாண மாடல்களையும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எனக்குச் சாலை மாடல்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. வடிவமைப்பாளர்கள் ஐஎஃப்சி கோப்பை அனுப்புவார்கள், எந்த மென்பொருளில் வரைந்தாலும் மாடலைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொது வடிவக் கோப்பு அது. அதைத் திறந்து, எது தார் அடுக்கு, எது கெர்ப் கல் (சாலையின் விளிம்புக் கல்), எது வடிகால், எது தாங்குசுவர் என்று ஒவ்வொரு பொருளுக்கும் வகை சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கோப்புகளில் வகையே இருக்காது. திரையில் சாலை அழகாக வளைந்து போகும், பாலம் இருக்கும், விளக்குக் கம்பம்கூட நிற்கும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் ‘பில்டிங் எலிமென்ட் பிராக்ஸி’ என்றே வரும். இன்னதென்று வகை சொல்ல முடியாத எதையும் போட்டு வைப்பதற்காக ஐஎஃப்சியில் இருக்கும் பொது வகை அது. பார்க்கிற கண்ணுக்கு அது கெர்ப் கல். கணினிக்கு அது முக்கோணங்களின் குவியல், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கோப்பை வைத்து அளவு எடுக்க முடியாது, பராமரிப்புப் பட்டியல் போட முடியாது, விதிமுறைச் சோதனையும் ஓட்ட முடியாது.

இந்தக் குறையைப் போக்கத்தான் மெஷின் லேர்னிங், அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் எந்திரக் கற்றல், வந்திருக்கிறது. பொருளின் வடிவத்தையும் பெயரையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து இது இன்னது என்று தானே வகை போட்டுவிடும் என்று சொல்லி உங்களிடம் விற்க வருகிறார்கள், கூடவே 98 சதவீதம் சரி, 99 சதவீதம் சரி என்று ஓர் எண்ணையும் காட்டுகிறார்கள். இந்த நுட்பத்தின் மேல் எனக்கு நிஜமான நம்பிக்கை உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்கினால் இரண்டாவது திட்டத்திலேயே அது சறுக்கும். அப்புறம் ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று நீங்களே அதை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவீர்கள். அப்படி ஆகக் கூடாது.

முதலில் எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு திட்டத்தின் மாடலில் 10,000 பொருள்கள் இருக்கின்றன என்று வையுங்கள். அவற்றைக் கலைத்துப் போட்டு, 8,000 பொருள்களை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க எடுத்துக்கொள்கிறார்கள், மீதி 2,000 பொருள்களை வைத்துச் சோதிக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை மாடல் எப்படி உருவாகிறது என்று உங்களுக்கே தெரியும். பாதுகாப்புத் தடுப்பின் கம்பம் ஒன்றை வரைந்து, அதையே 2 மீட்டருக்கு ஒன்று என்று கிலோமீட்டர் கணக்கில் நகல் போடுகிறார்கள். கெர்ப் கல் ஒரே குறுக்குவெட்டு, அதைச் சாலையின் மையக்கோட்டோடு இழுத்துத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஆக, சோதனைக்குப் போன 2,000 பொருள்களில் பெரும்பங்குக்கு அச்சு அசலான இரட்டை, கற்றுக்கொடுத்த 8,000-இல் ஏற்கனவே இருக்கிறது. வீட்டுப்பாடமாகக் கொடுத்த வினாத்தாளையே பரீட்சையிலும் கொடுத்துவிட்டு மாணவன் 98 வாங்கினான் என்று மெச்சுவது போன்றது இது. அந்தப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம், ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒரு முழுத் திட்டத்தையே எந்திரத்தின் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி வையுங்கள், முடிந்தால் வேறு வடிவமைப்பு நிறுவனம் வேறு மென்பொருளில் செய்த திட்டமாகப் பார்த்து ஒதுக்குங்கள், அதில் எவ்வளவு தேறுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். எண் விழும். எவ்வளவு விழுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டிய உண்மையான தகவல், ஏனென்றால் நாளை உங்களிடம் வரப்போகும் மாடலும் எந்திரம் இதுவரை பார்த்திராத ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏன் விழுகிறது என்பதற்கு ஒரு காரணம் பொருள்களின் பெயர். மாடலில் ஒவ்வொரு பொருளுக்கும் வடிவமைப்பாளர் ஏதோ ஒரு பெயரோ லேயர் குறியீடோ கொடுத்திருப்பார். அந்த எழுத்தையும் எந்திரத்துக்கு ஊட்டினால் அது மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும், ஏனென்றால் ஒரு நிறுவனத்துக்குள் குறியீடு மாறாது. ஆனால் அது கற்றது அந்த நிறுவனத்தின் குறியீட்டை, கெர்ப் கல் எப்படி இருக்கும் என்பதை அல்ல. அடுத்த நிறுவனம் வேறு சுருக்கம் வைத்திருக்கும், சிலர் எண்ணை மட்டும் வைத்திருப்பார்கள், இன்னும் சிலர் பழைய திட்டத்தின் கோப்பை எடுத்து மாற்றி வரைந்து லேயர் பெயரை மாற்ற மறந்திருப்பார்கள். பெயரைச் சேர்ப்பது தப்பென்று சொல்லவில்லை. பெயரோடு எவ்வளவு, பெயர் இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு காரணம் வடிவம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சாலை மற்ற பொருள்களைப் போல இல்லை.

முப்பரிமாணப் பொருள்களை வகைப்படுத்தும் பிரபலமான முறைகள் சாலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 2017-இல் வந்த பாயிண்ட்நெட் என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சோதித்துப் பார்க்கப்பட்ட மாடல்நெட்40 என்ற தொகுப்பில் 40 வகைகளில் 12,311 பொருள்கள் இருக்கின்றன: நாற்காலி, மேசை, விமானம், குளியல் தொட்டி இப்படி. ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பிலும் 1,024 புள்ளிகளை எடுத்து, அதை ஓர் அலகு ஆரமுள்ள கோளத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எந்திரத்துக்குக் கொடுப்பார்கள். நாற்காலிக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது. இப்போது 500 மீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு தார் அடுக்கை அதே கோளத்துக்குள் சுருக்குங்கள். நீளத்துக்கும் கனத்துக்கும் விகிதம் 10,000-க்கு 1. அந்த 1,024 புள்ளிகளில் கனம் என்ற ஒன்றே தெரியாது, மெல்லிய ஒரு கோடுதான் தெரியும். அதே 500 மீட்டர் நீளமுள்ள கெர்ப் கல்லும் கோடு, வடிகாலும் கோடு, தடுப்புச் சுவரும் கோடு. சுருக்கும்போதே உண்மையான அளவும் தொலைந்துவிடுகிறது, ஆகவே 15 சென்டிமீட்டர் உயரமா 3 மீட்டர் உயரமா என்று கேட்டால் எந்திரத்துக்குச் சொல்லத் தெரியாது.

சரி, நீள அகல உயரத்தை எண்ணாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கலாம், ஆனால் பலர் செய்வது பொருளைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து அந்தப் பெட்டியின் அளவைக் கொடுப்பது. நேர் சாலையில் அது சரியாக வரும். சாலை வளைந்தால் ஓர் அடி அகலம்கூட இல்லாத கெர்ப் கல்லுக்கு நூறு மீட்டர் அகலப் பெட்டி வரும். சாலை மேடேறினால் உயரமும் அப்படியே ஊதிப்போகும்.

இதைவிட எளிய, உறுதியான வழி இருக்கிறது. கன அளவை மேற்பரப்பில் பாதியால் வகுத்துப் பாருங்கள். 1 கிலோமீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம் உள்ள அடுக்கின் கன அளவு 175 கன மீட்டர். அதன் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 7,100 சதுர மீட்டர், அதில் பாதி 3,550. வகுத்தால் 0.049 மீட்டர் வருகிறது, அதாவது 4.9 சென்டிமீட்டர், ஏறத்தாழ அந்த அடுக்கின் கனமே. சாலை எப்படி வளைந்தாலும், மேடேறி இறங்கினாலும் இந்த எண் அசைவதில்லை. இன்னும் நன்றாக வேண்டுமென்றால் மையக்கோட்டுக்குச் செங்குத்தாகப் பொருளை வெட்டி அந்தக் குறுக்குவெட்டின் அகலம், உயரம், மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கொடுக்கலாம். சாலைப் பொறியாளர் ஒருவர் சாலையைப் பார்ப்பதே அப்படித்தானே, குறுக்குவெட்டாகத்தான் பார்க்கிறார். இத்தகைய அளவுகளைக் கொடுத்தால் ராண்டம் ஃபாரஸ்ட் போன்ற பழைய எளிய முறையே நன்றாக வேலை செய்யும், ஏன் அப்படிச் சொன்னது என்று விசாரிக்கவும் முடியும். விற்க வருபவர் ஆழ்கற்றல் என்று அடுக்கினால் அசந்துவிடாதீர்கள். எந்த அளவுகளை எந்திரத்துக்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், அந்தப் பதிலில் அவருக்குச் சாலை தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பொல்லாதது. சாலை மாடல்கள் நில அளவை ஆயத்தொலைவுகளில் இருக்கும், வடக்குத் தூரம் 40 லட்சம் மீட்டர் என்று போவது சாதாரணம். எந்திரக் கற்றல் நிரல்களோ பெரும்பாலும் துல்லியம் குறைந்த 32 பிட் தசம எண்களில் கணக்குப் போடுகின்றன. 40 லட்சத்தை ஒட்டிய ஓர் எண்ணை 32 பிட்டில் எழுதினால் அடுத்தடுத்து வரக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 25 சென்டிமீட்டர் இடைவெளி. 15 சென்டிமீட்டர் அகல கெர்ப் கல்லின் இரண்டு பக்கங்களும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டுவிடலாம். பொருளை முதலில் உள்ளூர் மூலப்புள்ளிக்கு நகர்த்திவிட்டு, அதையும் 64 பிட்டில் செய்துவிட்டு, அப்புறம் மாற்றினால் பிரச்சினை இல்லை. மறந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பொருள்கள் சத்தமில்லாமல் நசுங்கிப் போயிருக்கும், எந்திரமும் நசுங்கியதையே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்.

அடுக்குகள் விஷயத்துக்கு வருகிறேன். தேய்மான அடுக்கு, அதன் கீழே பிணைப்பு அடுக்கு, அதன் கீழே அடித்தளம், அதற்கும் கீழே துணை அடித்தளம். தனித்தனியாகப் பிரித்து வைத்தால் நான்கும் தட்டையான நீளமான பலகைகள், கனம்தான் கொஞ்சம் வித்தியாசம், அந்தக் கனமும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். எந்த மனிதரிடமும் ஒரே ஓர் அடுக்கை மட்டும் காட்டி இது எது என்று கேட்டால் சொல்ல மாட்டார். மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று கேட்பார். எந்திரத்துக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும்: எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எது எதைத் தொடுகிறது, எது மண்ணுக்குள் இருக்கிறது. பொருள்களைக் கணுக்களாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் வைத்துக் கற்கும் வரைபட நரம்பு வலைகள் இதற்காகவே இருக்கின்றன.

தாங்குசுவரையும் இரைச்சல் தடுப்புச் சுவரையும் பாருங்கள். இரண்டும் சாலையோரம் நீளமாக, மெல்லியதாக, உயரமாக நிற்கும், வடிவத்தை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி. தாங்குசுவருக்கு ஒரு பக்கம் மண் இருக்கும், அந்த மண்ணின் எடையைத் தாங்கத்தான் அது நிற்கிறது. இரைச்சல் தடுப்புக்கு இரண்டு பக்கமும் காற்று. எந்திரம் இரண்டையும் மாற்றிப் போட்டால், வகை தப்பானதோடு விஷயம் முடியாது. அந்தச் சுவர் உங்கள் சொத்துப் பதிவேட்டில் தப்பான பட்டியலில் ஏறுகிறது, அதைச் சரிவுக்கும் விரிசலுக்கும் நீர்க்கசிவுக்கும் பார்க்க வேண்டிய ஆய்வாளரின் அட்டவணையில் அது வரவே வராது. இரைச்சல் தடுப்பைத் தாங்குசுவர் என்று போட்டால் ஒரு வீண் பயணம், மற்றபடி பாதகமில்லை. தாங்குசுவரை இரைச்சல் தடுப்பு என்று போட்டால் ஆபத்து. இரண்டு தப்பும் சதவீதக் கணக்கில் ஒன்றுதான்.

அதனால்தான் ஒற்றை எண் போதாது என்கிறேன். 10,000 பொருள்களில் மழைநீர் உள்வாங்கிகள் 100 மட்டும் இருந்தால், எந்திரம் அந்த நூறையும் கோட்டைவிட்டு மீதி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 99 சதவீதம் வரும். அந்த 99-ஐ நம்பி நீங்கள் எடுக்கும் பட்டியலில் ஓர் உள்வாங்கிகூட இருக்காது, மழைக்காலத்துக்கு முன் அவற்றைத் துப்புரவு செய்ய யாரும் போக மாட்டார்கள். எந்த வகையை எந்த வகையாகத் தப்பாகப் போட்டது என்று காட்டும் குழப்ப அட்டவணையை முழுதாகக் கேளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக, இருந்தவற்றில் எத்தனையைக் கண்டுபிடித்தது, சொன்னவற்றில் எத்தனை சரி என்று கேளுங்கள். எந்தத் தப்பைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்க முடியாது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள், அதை நிரல் எழுதுபவர் தலையில் கட்டக் கூடாது.

அப்புறம், தெரியாது என்று சொல்லும் உரிமையை எந்திரத்துக்குக் கொடுங்கள். வழக்கமான வகைப்படுத்தி அப்படிச் சொல்லாது. 20 வகைகள் கற்றுக்கொடுத்திருந்தால் எதைக் காட்டினாலும் அந்த 20-இல் ஒன்றைச் சொல்லும், அதுவும் பல நேரம் மிகுந்த உறுதியோடு சொல்லும். விலங்குகள் கடக்கும் சுரங்கவழியை அது பார்த்ததே இல்லை என்றால் மதகு என்று அடித்துச் சொல்லிவிடும். பழகாத பொருளைப் பழகாதது என்று அடையாளம் காணும் முறைகள் இருக்கின்றன, அவற்றைச் சேர்க்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சந்தேகமானவற்றை மனிதர்கள் பார்ப்பார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதற்கான பணத்தையும் திட்டத்தில் ஒதுக்குங்கள். எந்திரம் வந்துவிட்டதே, சரிபார்ப்பவர் எதற்கு என்று ஆளைக் குறைத்தால் அந்தச் சந்தேகப் பட்டியலை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புதிய மாடல்களுக்கு இந்த எந்திரத்தை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள். ஐஎஃப்சி கட்டிடங்களுக்காகப் பிறந்தது. 2013-இல் அது ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரநிலையாக வந்தபோது அதில் சுவரும் கதவும் ஜன்னலும் தூணும் இருந்தன, சாலைக்கு இடமில்லை. அந்தக் காலத்து வடிவமைப்பாளர் கெர்ப் கல்லைப் பிராக்ஸியாகப் போட்டதைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை அவருக்கு. இப்போது நிலைமை வேறு. ஐஎஃப்சி 4.3-இல் சாலை, ரயில்பாதை, பாலம் எல்லாம் வந்துவிட்டன, கெர்ப் கல்லுக்குத் தனி வகை, சாலைத்தளத்துக்கும் அதன் அடுக்குகளுக்கும் தனி வகை, மண் நிரப்புக்கும் வெட்டுக்கும் தனி வகை, சாலைப் பலகைக்குத் தனி வகை. 2024-இல் அதுவே ஐஎஸ்ஓ தரநிலையாகவும் வந்துவிட்டது. வரைகிறவருக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தவர் ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் சொற்பம், அதை அவர் செய்யாமல் விட்டு, பிறகு நாம் எந்திரத்தை வைத்து ஊகிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வகை இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

அப்படியானால் எந்திரம் எதற்கு என்றால், இரண்டு வேலைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஒன்று, ஏற்கனவே குவிந்து கிடக்கும் பழைய மாடல்கள். அவற்றை வரைந்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள், யாரையும் கேட்க முடியாது, கையால் ஒவ்வொன்றாக வகை போட ஆளும் கிடையாது. இரண்டு, புதிய மாடல்களில் வடிவமைப்பாளர் போட்ட வகையைச் சரிபார்ப்பது. அவர் கெர்ப் கல் என்கிறார், எந்திரம் தாங்குசுவர் என்கிறது என்றால் அந்த ஒரு பொருளை மனிதர் திறந்து பார்த்தால் போதும். எந்திரம் தப்பாகச் சொல்லியிருந்தாலும் நட்டம் ஒரு நிமிடம்தான். ஆயிரக்கணக்கான பொருள்களில் எங்கே பார்க்க வேண்டும் என்று அது கை காட்டுவதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. எனக்கு அப்படி ஒரு துணை வேண்டும், மனதாரச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று. இந்த எந்திரங்கள் நன்றாகக் கற்க வேண்டுமானால் சரியாக வகை போட்ட சாலை மாடல்கள் வேண்டும், பல திட்டங்களிலிருந்து, பல நிறுவனங்களிலிருந்து. கட்டிடத் துறைக்கு 2021-இல் ஐஎஃப்சிநெட் என்ற பொதுத் தொகுப்பு வந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழக்கலாம், யாருடைய முறை நல்லது என்று ஒரே தராசில் ஒப்பிடலாம். சாலைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். மாடல்கள் உங்கள் கணினிகளில் இருக்கின்றன, மக்கள் பணத்தில் செய்தவை. பாதுகாப்புக் காரணம் உள்ளவற்றை விட்டுவிடுங்கள், பெயர்களை அழியுங்கள், ஆயத்தொலைவை நகர்த்துங்கள், மாடலைத் துண்டுகளாக்கிப் பொருள்களாக மட்டும் வெளியிட்டாலும் போதும். ஆனால் எந்தப் பொருள் எந்தத் திட்டத்திலிருந்து வந்தது என்ற எண்ணை மட்டும் அழித்துவிடாதீர்கள், அது போய்விட்டால் திட்டங்களைப் பிரித்துச் சோதிக்கவே முடியாது, நான் மேலே புலம்பிய அந்தப் பொய்யான 98 மறுபடியும் வந்து நிற்கும்.

இதற்குப் பெரிய குழுவோ ஆண்டுக்கணக்கான திட்டமோ வேண்டாம். கட்டி முடித்துத் திறந்துவிட்ட ஒரு சாலையின் மாடலை எடுங்கள், உங்கள் பொறியாளர்கள் இருவர் தனித்தனியாக வகை போடட்டும், அவர்கள் ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்காமல் குறித்து வெளியிடுங்கள். அடுத்த முறை ஒருவர் எந்திரத்தோடு வந்தால் அந்தக் கோப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வேறொரு திட்டத்தின் கோப்பை மட்டும் வெளியே விடாமல் உங்களிடமே வைத்துக்கொண்டு, அதிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

அன்புடன்,
சாலை மாடல்களைச் சரிபார்க்கும் ஒருவர்